மாமரத்துக்குப் பூசிய சீமெந்து

சனிக்கிழமை காலையில் பழனியாண்டி அண்ணை வாள் மெசினோடு வருவார் என்று என் கணவர் ரஜிதன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"எந்த மரத்துக்கு?"

"எங்கட முத்தத்தில எத்தனை மாமரம் நிக்குது?"

ஒன்றுதான். கறுத்தக்கொழும்பான். வீட்டுக்குக் கிழக்கே, மகள் படுக்கும் அறையின் கூரைக்கு மேலே ஒரு கொப்பை நீட்டிக்கொண்டு நிற்கிறது. போன கார்த்திகைப் புயலில் இன்னொரு கொப்பு முறிந்து குசினி ஓடுகளை நொறுக்கியது. அதற்குப் பிறகு மரம் தேறவில்லை. தையில் வந்த பூவைத் தத்துப்பூச்சி உறிஞ்சியது, மிச்சம் பனியில் கறுத்துக் கொட்டியது. இப்போது புரட்டாதி. அடிமரத்திலிருந்து கறுப்புத் தண்ணீர் கசிகிறது.

"விழுந்தா பிள்ளைக்கு மேலதான் விழும், தேனுகா. மழைக்கு முதல் தறிச்சாத்தான் நிம்மதி."

அவர் சொன்னது சரி. சரியாகக் கதைக்கிற ஆளோடு சண்டை பிடிக்க முடியாது. நான் குழம்பை ஊற்றினேன்.

பாத்திரம் கழுவும்போதுதான் அந்தத் தண்ணீர் எங்கிருந்து கசிகிறது என்று யோசித்தேன். சீமெந்துக்குக் கீழிருந்து.

சண்டையில் வெடித்த செல் குண்டொன்றின் துண்டு அந்த மரத்தைத் துளைத்துவிட்டுப் போயிருந்தது. நாங்கள் முகாமிலிருந்து திரும்பியபோது அந்தக் காயம் ஒரு பொந்தாகியிருந்தது. வீட்டுத் திட்டத்தில் வீடு கட்டி முடிந்ததும், மிஞ்சிய சீமெந்தை வீணாக்க மனமில்லாமல், ரஜிதன் அந்தப் பொந்தை அடைத்துப் பூசினார். அவர் மேசன். சும்மா பூசவில்லை, கரண்டி நுனியால் மரப்பட்டை போலக் கோடு கீறி, மண்ணிறம் அடித்தார். வீட்டுக்கு வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுவார். "மரம் எங்க முடியுது, சீமெந்து எங்க துவங்குது, சொல்லுங்கோ பாப்பம்!" ஒருவராலும் சொல்ல முடியாது. எனக்கும் அப்போது அது பெருமையாக இருந்தது.

எங்கள் வீட்டில் உடைந்த எதற்கும் இரண்டே வைத்தியம். பூசு, இல்லாவிட்டால் தறி. சண்டையில் பறிகொடுத்த என் தங்கச்சியைப் பற்றி நான் கதைக்கத் தொடங்கிய நாட்களில், "போனது போட்டுது, விடு" என்று அவர் மெதுவாகச் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். நானும் அதை வாங்கி எனக்கு மேலே பூசிக்கொண்டேன். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் வேறொரு வழி இருக்க வேண்டும் என்று மட்டும், பாத்திரம் கழுவிக்கொண்டு நின்ற அன்றைக்குத் தோன்றியது. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் பிரேமிளாவுக்குப் போன் எடுத்தேன்.

"சீமெந்தோ? அக்கா, மரத்துக்குப் பல்லெல்லே அடைச்சு வைச்சிருக்கிறியள்!" சிரித்துவிட்டு, உடனே குரலை மாற்றினாள். "மரம் காத்துக்கு ஆடும். சீமெந்து ஆடாது. ரெண்டுக்கும் இடையில வெடிக்கும், மாரித் தண்ணி உள்ள இறங்கும், பிறகு வெளியில வர வழியில்லை. முதல்ல அதை எடுங்கோ. அழுகினதைச் சுரண்டிப் போட்டு, மிச்ச மரம் எவ்வளவு தடிப்பெண்டு பாருங்கோ. சுத்திவர ஒரு சாணளவு நல்ல மரம் இருந்தா தறிக்காமல் விடலாம்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டித் தறிக்கத்தான் வேணும். பிள்ளை படுக்கிற அறை."

"சரி" என்றேன். அதை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ரஜிதன் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போனதும் அவருடைய உளியையும் சுத்தியலையும் எடுத்தேன். என் மனிசன் வேலையை ஒழுங்காகச் செய்கிறவர் என்று கை நோக நோகத் தெரிந்தது. சீமெந்து அசையவே இல்லை. சத்தம் கேட்டு அடுத்த வளவு நேசமலர் அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்னடியப்பா, மனிசனோட கோவமெண்டா மனிசனோட சண்டை பிடி. சீமெந்து உனக்கு என்ன செய்தது?"

"அவர் பூசினதுதானே அக்கா."

"அப்ப ஓங்கி அடி!"

ஓங்கி அடித்தேன். வெடித்தது. பட்டைக் கோடுகளோடு பெரிய துண்டொன்று காலடியில் விழ, அழுகிய நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே கறுப்புக் களி. சிரட்டையால் அள்ள அள்ள, பெருவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்து விழுந்தன. கோழிகள் அடிபட்டுக்கொண்டு ஓடி வந்தன. களி முடியவில்லை. கை முழங்கை வரைக்கும் உள்ளே போனது. இன்னும் மெத்தென்றுதான் இருந்தது. அந்த இடத்தில் எனக்குப் பயம் வந்தது. மூடியபடியே விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்திருக்கலாமே என்ற பயம். ஆனாலும் சுரண்டினேன். கடைசியில் நகம் ஏதோ கெட்டியில் உரசி நின்றது. மரம்.

ரஜிதன் வந்தபோது நான் இன்னும் உள்ளே துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் சைக்கிளை விட்டுவிட்டுக் கீழே கிடந்த துண்டொன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தானே பூசியிருக்கிறன்."

"நல்லாப் பூசினபடியாத்தான் தண்ணி வெளியில வரேல்ல."

அவர் முகம் கறுத்தது. "என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா, திரும்பப் பூசுவம் எண்டிருப்பீங்கள். இல்லாட்டி நாளைக்கே தறிப்பம் எண்டு. நான் ரெண்டும் வேண்டாம் எண்டுறன்."

இவ்வளவு நேரடியாக நான் அவரோடு கதைத்தது எனக்கே புதிதாக இருந்தது. அவர், சுவரில் பூச்சு விட்டிருக்கிறதா என்று பார்க்கிறதுபோல விரல் மொளியால் அடிமரத்தைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டுக்கேட்டு, மரத்தைச் சுற்றி வந்தார்.

"இஞ்ச கல்லு மாதிரிக் கிடக்கு. இஞ்சயும்." தெற்குப் பக்கத்தில் நின்றார். "இதில பொள்ளல்."

கையை உள்ளே விட்டு அளந்தார். மற்றப் பக்கங்களில் ஒரு சாணுக்கு மேலே. தெற்கில் நாலு விரல்கூட இல்லை.

"பிரேமிளா சுத்திவர எண்டவா" என்றேன். அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு நான் பிரேமிளாவுக்குத் திரும்பப் போன் எடுத்து, அவருக்கும் கேட்கச் சத்தத்தைக் கூட்டினேன். ஒரு பக்கம் மட்டும் என்றால், மேல் பாரத்தைக் குறைத்துப் பார்க்கலாம் என்றாள் அவள். கூரைக்கு மேலுள்ள கொப்பையும், உயர்ந்து நிற்கிறவற்றையும் இறக்க வேண்டும். ஆனால் பயமில்லை என்று தன்னால் சொல்ல முடியாது.

"அப்ப புயல் வந்தா?" என்றார் ரஜிதன் என்னிடம்.

"மாரி முடியுமட்டும் பிள்ளை முன்னறையில படுக்கட்டும். நாங்கள் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் வந்து தட்டிப் பாப்பம். தெற்குப் பக்கம் இன்னும் இளகினா, பழனியாண்டி அண்ணையை நானே கூப்பிடுறன்."

அவர் கையிலிருந்த சீமெந்துத் துண்டைக் கீழே வைத்தார்.

மறுநாள் பழனியாண்டி அண்ணை வந்து, கொப்புகள் மட்டும்தான் என்றதும் சிரித்தார். "நல்லதாப் போச்சு தங்கச்சி. அடிமரத்துல வாள வைக்க மாட்டேன்னு சொல்லத்தான் யோசிச்சுக்கிட்டு வந்தேன். இந்தப் பக்கத்து மரத்துக்குள்ள பூரா செல் இரும்பு. போன மாசம்தான் ஒரு வாள் சங்கிலி அறுந்துச்சு."

அவரும் ரஜிதனும் கயிறு கட்டி ஒவ்வொன்றாக இறக்கினார்கள். கயிற்றின் மறுமுனையை நானும் பிடித்தேன். மத்தியானத்துக்குள் மரம் பாதியாகிவிட்டது, அசிங்கமாகவும் இருந்தது. மகளின் அறைக்குள் வெயில் நேராக இறங்கியது. பழனியாண்டி அண்ணை போனபின், ரஜிதன் வெள்ளையாகத் தெரிந்த வெட்டுகளையும் வாய் திறந்திருந்த பொந்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இதுகளுக்கு ஒண்டும் பூச வேண்டாமோ?"

"வேண்டாம். மரம் தானே சுத்திவர மூடும் எண்டு பிரேமிளா சொன்னவா. கனகாலம் எடுக்குமாம்."

"பூசாமல் விட எனக்குக் கை கூசுது."

"எனக்கும்தான்" என்றேன்.

அவர் கிணற்றடியில் கையைக் கழுவிவிட்டு, மகளின் மெத்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னறைக்குப் போனார்.