மூன்று துளைகளில் பிராந்தி

எங்கள் காட்டெருமைச் சங்கத்து மாளிகை இருந்த இடத்தில் இப்போது டயர் விற்கிறார்கள். அப்போது மேலே சபை கூடும் மண்டபம், கீழ்த்தளத்தில் பந்தை உருட்டிக் கட்டைப் பின்களைச் சாய்க்கும் பவுலிங் தடங்கள், இரண்டே இரண்டு. அமெரிக்காவில் எங்கள் விஸ்கான்சின் மாநிலம் முழுக்கத் தேடினாலும் அத்தனை வழுவழுப்பான மேப்பிள் மரப் பலகை கிடைக்காது. ஈ உட்கார்ந்தால் வழுக்கிக்கொண்டே பக்கத்து மாவட்டம் போய்ச் சேரும். முப்பது வருடம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவன் நான், பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் கூட்டிச் சொல்வேன், அவ்வளவுதான்.

அறுபது வருடத்தில் அங்கே ஒருவரும் முழுசாக முந்நூறு புள்ளி எடுத்ததில்லை. அதற்குப் பன்னிரண்டு பந்திலும் பத்துப் பின்களும் ஒரே வீச்சில் சாய வேண்டும். எடுப்பவனின் பெயரைப் பொறிக்க மாட்டிய பித்தளைத் தகடு வெறுமையாகவே பளபளத்தது. பாலாடைக்கட்டி ஆலைக்காரன் ஆர்வில் டெஷ் அதைக் கண்ணாலேயே தின்றுகொண்டிருந்தான். திங்கட்கிழமை அவனுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அதன்பின் பந்தைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை மாலைதான் கடைசி வாய்ப்பு.

பதினொரு பந்து வீசினான், பதினொன்றிலும் பத்துப் பின்களும் காலி, எல்லாம் ஸ்ட்ரைக். ஏழாவதிலிருந்தே நாங்கள் அவனோடு பேசவில்லை. பேசினால் ராசி கலையும். பொரித்த மீனை மென்றபடி உருளைக்கிழங்கு விளைச்சலை அலசினோம்.

பன்னிரண்டாவது பந்தோடு தடத்தின் எல்லைக்கோடு வரை போய்க் கையைப் பின்னால் ஓங்கினான். மணி அடித்தது. ஏழு மணி.

ஏழு அடித்தால், மறைந்த சங்கச் சகோதரர்களுக்கு மரியாதை; அது எங்கள் சங்க விதி. எப்படி இருக்கிறோமோ அப்படியே நிற்க வேண்டும். கையில் இருப்பதைக் கீழே வைக்கக் கூடாது. பெயர்களை வாசித்து முடித்ததும் அதிலிருந்தே குடிக்க வேண்டும். எங்கள் தலைவர், பெருங்கொம்பர் நார்பர்ட் ஸ்லிம்கன், எருமைக்கொம்புத் தொப்பியோடு படியில் நின்று வாசிக்கத் தொடங்கினார்.

நாற்பத்து மூன்று பெயர்கள். அவசரம் என்பதே அறியாத மனிதர். ஆர்வில் அந்தக் கெட்ட முழங்காலில், ஏழு கிலோப் பந்தைப் பின்னால் தூக்கியபடி நின்றான். பதினான்காவது பெயரில் கை நடுங்கியது. முப்பதாவதில் கட்டடமே நடுங்கியது.

கடைசிப் பெயர் முடிந்ததும் பந்து தானாகவே கையைவிட்டு நழுவியது. அது உருண்டு போய்ச் சேர்வதற்குள் நான் வீட்டுக்குப் போய்ச் சவரம் செய்துகொண்டு வந்திருக்கலாம். ஒன்பது பின்கள் ஒன்றன்மேல் ஒன்று சோம்பலாகச் சாய்ந்தன. பத்தாவது சற்றே யோசித்துவிட்டுப் படுத்தது.

கோயிலில் நிற்பதுபோல் நின்றோம். நார்பர்ட்தான் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, கையில இருந்ததுல குடிக்காதவன் ஆட்டம் இந்த மாளிகையில செல்லாது. உன் கையில கோப்பையா இருந்துச்சு?"

பந்து திரும்பி வந்ததும் ஆர்வில் அதைத் தூக்கி என் முன்னே நீட்டினான். விரல் நுழைக்கும் மூன்று துளைகளும் மேலே பார்த்தன.

"ஊத்து, தபால்காரா."

மூன்றையும் மேசையிலிருந்த பிராந்தியால் நிரப்பினேன். பந்தை முகத்துக்குமேல் உயர்த்தி, அண்ணாந்து, சொட்டு விடாமல் குடித்தான். பாதி மூக்கில் ஏறியது.

நார்பர்ட் தொப்பியைக் கழற்றினார். அவருடைய வழுக்கையை அன்றுதான் முதன்முதலில் பார்த்தோம்.

"டெஷ்ஷுக்கு எத்தனை எழுத்துடா?" என்றார், வெறுமையாக இருந்த பித்தளைத் தகட்டைப் பார்த்தபடி.