மிச்சமிருக்கும் ஓரம்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. கண்ணாடி மாற்றுவதற்காகக் கண் ஆராய்ச்சி மையத்துக்குப் போயிருந்தேன். முன்வரிசையில் இருந்த அம்மாள் தன் கணவரிடம் சொன்னார்: "உங்கள நேரா பார்த்தா நீங்க இல்ல. அந்தச் சுவரப் பார்த்தாத்தான் வர்றீங்க."

"அப்ப சுவரையே கட்டியிருக்கலாம்" என்றார் கணவர்.

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கேட்டது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கற்பனை.

2

முதல் வரி: "இருள் மெல்ல அவர் கண்களில் கவிந்து..."

(வேண்டாம். அது இருளே இல்லை. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோனால், பார்க்கிற இடத்தில் மட்டும் ஒரு சாம்பல் திட்டு நிற்கும். சுற்றிலும் உலகம் அப்படியே இருக்கும்.)

மறுபடியும் தொடங்குகிறேன். அந்த அம்மாள் அச்சகத்தில் முப்பது வருடம் மெய்ப்பு திருத்தியவர். ஒருநாள் வந்த பக்கத்தில் ஒவ்வொரு சொல்லிலும் நடு எழுத்தைக் காணோம். அச்சுக் கோளாறு என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார். அச்சுப் பிரிவு, பிழை ஏதும் இல்லை என்று அதே பக்கத்தை அப்படியே திருப்பி அனுப்பியது.

வேலை போனதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். கணவருக்கு இரண்டு காதுகள் இருந்தன, நரைத்த தலைமுடி இருந்தது, நடுவில் ஆளைக் காணவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

3

மையத்தில் ஒரு புதிய மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப்பேருக்கு மாதம் ஒருமுறை கண்ணுக்குள் மருந்து போகும். மற்றவர்களுக்கு ஊசியில்லாத வெறுங்குழாயைக் கண்மேல் அழுத்தி எடுப்பார்கள். யாருக்கு எது என்று பார்வையைச் சோதிக்கும் பெண்ணுக்கும் தெரியாது.

"போனது திரும்பாதும்மா. இருக்கிறது போகாம தடுக்குமான்னுதான் பார்க்கிறோம்" என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். அம்மாள் தலையாட்டி ஆய்வில் சேர்ந்துகொண்டார், திரும்பும் என்று நம்பிக்கொண்டே.

(அந்தச் சோதிக்கும் பெண்ணை முதல் பிரதியில் கல்நெஞ்சக்காரியாக எழுதியிருந்தேன். எழுத்துகளைப் படிக்கும்போது "சரி" என்றோ "தப்பு" என்றோ அவள் சொல்வதில்லை. சொல்லக்கூடாது என்பது ஆய்வின் விதி. அதற்காக ஒரு நல்ல பெண்ணைக் கெட்டவளாக்கியிருந்தேன்.)

கணவர் லிப்ட் பழுது பார்ப்பவர். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் கால் மணி நேரம் ஜன்னலருகே முக்காலியில் உட்காருவார். ஓரக்கண்ணில் அவர் முகம் சிக்குகிறதா என்று அம்மாள் அவருடைய காதையும் தோளையும் ஜன்னல் கம்பியையும் மாறிமாறிப் பார்ப்பார்.

"என்னம்மா, இன்னிக்கி என்ன கிடைச்சது?"

"மூக்கு வந்துடுச்சு. வாய் இன்னும் வரல."

"வாய் வராதவரைக்கும் உனக்கு நல்லதுதான்."

ஒன்பதாம் மாதச் சோதனையில் அம்மாள் ஐந்து எழுத்துகள் கூடுதலாகப் படித்தார். சோதித்த பெண்ணின் பேனா ஒரு நொடி நின்றது. கணவர் அந்த வாரம் முழுக்க லிப்டில் ஏறியவர்களிடமெல்லாம், "மருந்து வேலை செய்யுதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

4

ஆய்வு முடிந்து கடிதம் வந்தது. கணவர் முதலில் மனதுக்குள் படித்தார்.

"சத்தமா படிங்க."

இந்த இடத்தில் அவரைப் பொய் சொல்ல வைத்துப் பார்த்தேன். "மருந்துதான் போட்டாங்களாம்" என்றார். அம்மாள் பூரித்து...

(நடக்காது. ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்க்கும் வேலையில் முப்பது வருடம் இருந்தவர் அவர். குரல் தாவுவதை வைத்தே விடுபட்ட வரியைக் கண்டுபிடித்துவிடுவார்.)

கணவர் சத்தமாகப் படித்து முடித்தார். "ஒரு வரிய விட்டுட்டீங்க" என்றார் அம்மாள்.

கணவர் அந்த வரியைப் படித்தார். அம்மாள் வெறுங்குழாய்க் கூட்டத்தில் இருந்திருக்கிறார்.

"ஒரு வருஷமா வெறுங்குழாய்க்கு நன்றி சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார் அம்மாள். பிறகு, "அப்ப அந்த அஞ்சு எழுத்து?"

"அது நீயா தேடிப் பிடிச்சதும்மா. ஓரக்கண்ணால."

அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதாரா, அவரைப் பார்ப்பதற்காகத் திருப்பினாரா என்று கணவருக்குத் தெரியவில்லை. எழுதிய எனக்கும் தெரியவில்லை.

5

கடிதத்துக்கு இரண்டாம் பக்கம் உண்டு. மருந்து போட்டவர்களுக்குத் தேய்மானம் கொஞ்சம் மெதுவாகியிருக்கிறது. விரும்பினால் அம்மாளுக்கும் இப்போது போடுவார்கள், மாதாமாதம், இரண்டு வருடம். ஊசியால் கண்ணில் சீழ் பிடித்து, இருக்கிற பார்வையும் போய்விடலாம். அப்படி ஆவது அபூர்வம் என்று போட்டிருந்தது.

"நீங்க இருக்கிறதே இந்த ஓரத்துலதான்" என்றார் அம்மாள். "அதைப் பணயம் வைக்கட்டுமா? இல்ல, தேயத் தேயப் பார்த்துக்கிட்டே இருக்கட்டுமா? நீங்க சொல்லுங்க."

எதற்கும் உடனே பதில் வைத்திருக்கும் மனிதர் கடிதத்தை மடித்தார், மறுபடி பிரித்தார்.

அவருக்காக மூன்று பதில்கள் எழுதினேன். மூன்றையும் அடித்துவிட்டேன். மூன்றிலும் பேசியது நான்தான், அவரல்ல. கண்ணாடியை மாற்றிக்கொண்டு வீடு திரும்பியவனுக்கு அதில் என்ன உரிமை? யாருடைய முகத்தையாவது விட மனமில்லாமல் நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்ததுண்டு என்றால், என்னைவிட உங்களுக்குத்தான் அவர் மனம் தெரியும்.

அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்க பாரும்மா, எனக்கு..." என்று தொடங்கினார்.

முடித்துவையுங்கள்.