பன்னிரண்டாம் கட்டிலின் சிஸ்டர்

எங்கள் வார்டில் முப்பது கட்டிலுக்கு ஐந்து நர்ஸ்கள் இருந்தோம். மாதச் சம்பளம் ஒரு அட்டை முட்டைக்கே சரியாய்ப் போனதும், நாலு பேர் எங்கள் ஊரான மராக்காய்போவை விட்டு எல்லை தாண்டிக் கொலம்பியாவுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது நான் ஒருத்தி.

கையுறை, ஊசி எல்லாம் நோயாளி வீட்டார்தான் கொண்டுவர வேண்டும். பன்னிரண்டாம் கட்டில் எவெலியோவின் மனைவி நெரெய்தா கூடவே தன் உழைப்பையும் கொண்டுவந்தாள். மூன்றே வாரத்தில் டிரிப்ஸ் மாற்றவும் புண்ணுக்குக் கட்டுப் போடவும் கற்றுக்கொண்டாள். மற்ற கட்டில்காரர்களும் அவளைத்தான் "சிஸ்டர்" என்று கூப்பிட்டார்கள்.

இன்று காலை எவெலியோ வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அக்கா, கேட்டீங்களா!" என்று நெரெய்தா என்னைக் கட்டிக்கொண்டாள்.

"புண்ணு இன்னும் சரியா ஆறல. ரெண்டு நாள் இருக்கட்டுமே" என்றேன்.

எவெலியோ சட்டையைத் தூக்கினார். "நேத்து நீங்கதானே, ஆறிடுச்சு, எடத்தக் காலி பண்ணுய்யான்னு வெரட்டுனீங்க?"

தழும்பு சுத்தமாக இருந்தது. ஒரு நோயாளி குணமானதற்கு, இருபத்தாறு வருடத்தில் முதன்முறையாக, எனக்கு வயிறு எரிந்தது.

நெரெய்தா மிச்சமிருந்த ஒரு ஜோடிக் கையுறையை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஏழாம் கட்டிலிலிருந்து, "சிஸ்டர்!" என்று குரல் வந்தது. கூப்பிட்டது அவளை.