இடதுகைத் தட்டச்சு

சக்கர நாற்காலியைக் கடைப்படியில் ஏற்றும்போதே, அதில் உட்கார்ந்திருந்த ஆறுமுகசாமி மகளின் முழங்கையைக் கிள்ளிவிட்டார். தோல் உரிந்து ரத்தம் துளிர்த்தது. செல்வலட்சுமி முந்தானையால் அதை மூடிக்கொண்டு, "தம்பி, எங்கப்பாவுக்கு ஒரு லேப்டாப் வேணும். எழுத்த அடிச்சா அது பேசணும்" என்றாள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு வலதுபக்கமும் நாக்கும் செத்துவிட்டன. புத்தி தெளிவாக இருக்கிறது என்றார் டாக்டர். ஊட்டும் விரலைக் கடிப்பதிலும், சூடான கஞ்சியை அவள் மடியில் தட்டிக் கவிழ்ப்பதிலும் அந்தத் தெளிவைச் செல்வலட்சுமி தினமும் பார்த்தாள். அவருக்கென்று வாங்கிய செல்போனில் எழுத்து சின்னதாக இருந்ததால் அதைச் சுவரில் எறிந்து உடைத்தார். விளாத்திகுளத்தில் பத்திர எழுத்தரிடம் காலமெல்லாம் தட்டச்சு செய்தவர். பெரிய விசைகள் இருந்தால் இடதுகையே போதும் என்று யோசனை சொன்னவன் திருப்பூரில் இருக்கும் அவள் தம்பி பாலகணேஷ்.

"அப்பா மனசுல என்னமோ கிடக்குக்கா. அம்மாவப் பத்தித்தான் இருக்கும். சொல்லிட்டாவன்னா நிம்மதியாப் போய்ச் சேருவாவ."

அவனுக்கு அம்மாவின் முகமே தெரியாது. பொன்மணி சாகும்போது அவன் பால்குடி. செல்வலட்சுமி விவரம் தெரிந்த பிள்ளை. அப்பா அம்மாவைப் பருத்திமாரால், காய்ந்த பருத்திச்செடிக் குச்சியால், அடிப்பார். அது ஒடிந்தால் அடுப்புப் பக்கத்தில் கிடக்கும் இன்னொன்றை அம்மாவையே எடுத்துவரச் சொல்வார். ஒருநாள் விடியலில் கரிசல்காட்டுக் கிணற்றில் அம்மா மிதந்தாள். நெற்றி பிளந்திருந்தது. படியில் வழுக்கிவிட்டாள் என்றார் அப்பா. குளிப்பாட்டிய பெண்கள் முதுகைப் பார்த்தார்கள், ஒருவரும் வாய் திறக்காமல் கோடித்துணியைச் சுற்றினார்கள்.

வழுக்கினாளா, குதித்தாளா, தள்ளினாரா? அந்தக் கேள்வியை விழுங்கிக்கொண்டுதான் இத்தனை காலம் அவருக்குச் சோறு போட்டாள். இப்போது சில மாதங்களாக வீட்டில் வசவு இல்லை. காது ஆறியிருந்தது. அவளுக்குப் பதில் வேண்டும், அந்தப் பேச்சு வேண்டாம். ஒன்றை வாங்கினால் மற்றதும் கூடவே வரும் என்று தெரிந்துதான் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறியிருந்தாள்.

கடைக்கார அஸ்லம் மெல்லிசான ஒன்றை எடுத்து வைத்தான். ஆறுமுகசாமி புறங்கையால் அதைத் தள்ள, செல்வலட்சுமி பாய்ந்து பிடித்தாள்.

"கீழ விழுந்தா உடையாததாக் குடுங்க தம்பி."

"அப்ப இதப் பாருங்கக்கா, பழசுதான். எங்க மச்சான் இதோட பைக்ல இருந்து விழுந்தாரு. அவருக்குத்தான் கால் போச்சு, இது கல்லு மாதிரி இருக்கு."

"விழுந்தாப் பரவால்ல. எங்க வீட்டுல எறிவாவல்லா."

அஸ்லம் சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான். பழைய தட்டச்சு முறைப்படி விசைகளில் தமிழ் எழுத்துகளை ஒட்டினான். "ஆம்பளக் குரலா, பொம்பளக் குரலாக்கா? ரெண்டும் இருக்கு" என்று ஆண்குரலைப் பேசவிட்டான். அது வணக்கம் என்றுதான் சொன்னது. அவள் தோள்கள் தாமாகவே ஒடுங்கின.

"பொம்பளக் குரலே போடுங்க."

அப்பா தொண்டைக்குள் உறுமினார். வழிந்த எச்சிலைத் துடைக்கப் போனவளின் கன்னத்தில் இடதுகை விழுந்தது. அஸ்லம் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தான்.

பாலகணேஷ் வீடியோவில் வந்தான். செல்வலட்சுமி தன் போனை ஒரு அட்டைப்பெட்டியில் சாய்த்து வைத்தாள். ஆறுமுகசாமி முதலில் 'தண்ணீர்' என்று அடித்து முற்றுப்புள்ளி வைத்தார். புள்ளி விழுந்ததும் இயந்திரம் அதைச் சொன்னது. பாலகணேஷ் கைதட்டினான். அவள் கொடுத்த தண்ணீரை அவர் அவள் முகத்திலேயே உமிழ்ந்தார்.

"அப்பா, அம்மாவப் பத்தி ஏதாச்சும் சொல்லுங்கப்பா" என்றான் பாலகணேஷ்.

விரல்கள் நகர்ந்தன. தட்டச்சுக்காரர் விசையைப் பார்ப்பதில்லை. கண்களை மகளின் முகத்தில் நிறுத்தியே அடித்தார்.

"பொன்மணின்னு அடிக்காரு" என்றான் அஸ்லம். போனுக்குள் பாலகணேஷ் விசும்பினான். "பாத்தியாக்கா, நான் சொன்னம்லா."

செல்வலட்சுமி திரையில் ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக்கொண்டு வந்தாள். அவள் கை நாற்காலியின் கம்பியை இறுகப் பற்றியது. அவர் புள்ளி வைத்தார்.

"பொன்மணியைத் தள்ளிய கிணற்றிலேயே உன்னையும் தள்ளுவேன்" என்றது அந்தக் குரல். வானிலை அறிக்கை வாசிப்பதுபோல அவ்வளவு சாந்தமாக. பத்திரம் அடித்துப் பழகிய கை, ஒரு பிழை இல்லை.

அஸ்லம் பின்னால் நகர்ந்து அலமாரியில் இடித்துக்கொண்டான்.

"அக்கா, என்ன சொல்லுது? எனக்குச் சரியாக் கேக்கல" என்றான் பாலகணேஷ். அவன் முகத்தில் ரத்தமில்லை.

செல்வலட்சுமி அஸ்லமைப் பார்த்தாள். "திரும்பச் சொல்ல எத அமுக்கணும்?"

அவன் ஒரு விசையைக் காட்டினான். சத்தத்தைக் கூட்டி அமுக்கினாள். குரல் தெருவரை போனது. வாசலில் இரண்டு பேர் நின்று திரும்பினார்கள். அப்போதுதான் ஆறுமுகசாமிக்கு உறைத்தது. கண் மகளை விட்டு போனுக்கு ஓடியது, வாசலுக்கு ஓடியது. இடதுகையை ஓங்கி விசைகளின்மேல் அடித்தார். மறுபடி அடித்தார். முஷ்டியால் குத்தினார். எழுத்துகளோடு புள்ளியும் சேர்ந்து விழ, அடிபட்டதையெல்லாம் அந்தக் குரல் ஒவ்வொன்றாக, நிதானமாக, விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.