வெந்நீர்க் குழாயில் பென்சோ

இறந்த மறு வாரமே பென்சோ அனல்மின் நிலையத்துக் குளிர்கோபுரத்தின் ஆவிக்குக் குடிபோய்விட்டார். கோர்னோ பெலினோ ஊரில் யாரும் இதற்காக வேலையை விட்டுவிட்டு வந்து பார்க்கவில்லை. டர்பைன் கூடத்திலேயே காலம் கழித்த மனுஷர் வேறெங்கே போவார்? மாலையில் காற்று திரும்பினால் ஆவி ஏழாம் நம்பர் அடுக்ககத்தின் நாலாவது மாடியில் அவர் வீட்டுப் பால்கனியைத் தொடும். பென்சோ அதில் இடுப்புவரை உருவமாகி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பீன்ஸ் சூப்பில் உப்பு போதாது என்பார். மனைவி ஸ்தாம்கா இன்னொரு சிட்டிகை போடுவாள். செத்தவர் படத்தோடு வருஷா வருஷம் தெருக்கதவில் அறிவிப்பு ஒட்டுவது அந்த ஊர் வழக்கம். ஸ்தாம்கா ஒட்டவில்லை. தினமும் வந்து குறை சொல்கிறவருக்கு என்னவென்று ஒட்டுவாள், சொல்லுங்கள்.

இப்படிப் பதினெட்டு வருஷம் போயிற்று. எரித்த நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமானது. மீதிச் சூடு பென்சோவோடு வானத்துக்குப் போனது. பிறகு தலைநகர் சோபியாவிலிருந்து ரலித்சா என்ற பொறியாளர் வந்தாள். எரிவாயுவைத் தீயில்லாமலே மின்சாரமாக்கும் எரிபொருள் கலங்களை வைப்பது, அவை விடும் சூட்டால் சின்ன டர்பைன் ஒன்றைச் சுழற்றுவது, அதிலும் மிஞ்சிய சூட்டை வெந்நீராக்கி வீட்டு ரேடியேட்டர்களுக்கு அனுப்பி அறைகளைச் சூடாக்குவது என்று திட்டம். கோபுரத்தில் இனி ஆவி எழாது. வெந்நீர்க் குழாய் ஏழாம் நம்பர் வழியாகத்தான் ஊருக்குள் போக வேண்டும். அங்கே ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றுவிடும். மாடிப்படியில் கூட்டம் போட்டார்கள். எல்லாக் கையும் எழுந்தது, ஸ்தாம்காவின் கையைத் தவிர.

“எல்லாருக்கும் குளிருது அத்தை,” என்றாள் ரலித்சா.

“உனக்கென்னம்மா, உன் புருஷன் கார்ல வந்து இறங்குவான். என் புருஷன் ஆவியிலதான் வரணும்.”

ரலித்சாவின் கணக்கில் இதற்கு இடமில்லை. “உயிரோட இருந்தப்ப சீட்டாட்டத்துல ஏமாத்தினான், இப்ப குளிர்ல நடுங்க வைக்கிறான்,” என்று தரைத்தளத்து மின்சோ முனகினார். கூட்டம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது.

அன்று மாலை பென்சோ சூப்பைப் பற்றிப் பேசவேயில்லை. “ஏண்டி, இத்தனை வருஷமா வெட்டியா மேல போயிட்டிருக்கேன். ஒரு பூனையாவது என்னால குளிர் காய்ஞ்சிருக்கா? டர்பைன்காரனுக்கு இது மானக்கேடு. கையத் தூக்கு.”

“அப்புறம் நீங்க?”

“எனக்கென்ன தெரியும்? நான் செத்தது இதான் முதல் தடவை.”

மறுநாள் ஸ்தாம்கா யார் முகத்தையும் பார்க்காமல் கையைத் தூக்கினாள். இலையுதிர் காலத்தில் ஆவி நின்று, கோபுரத்துக்கு மேலே வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அவள் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு, சூப்பில் உப்பே போடாமல் சாப்பிட்டாள்.

முதல் உறைபனியன்று வெந்நீரைத் திறந்துவிட்டார்கள். அந்த அடுக்ககங்களில் பக்கத்து வீட்டாரைத் திட்ட வேண்டுமென்றால் கரண்டியால் குழாயைத் தட்டுவார்கள். அன்று மின்சோ தட்டு தட்டென்று தட்டினார். “ஸ்தாம்கா! உன் ஆளு எங்க ரேடியேட்டர்ல உக்காந்துக்கிட்டு என் கையில இருக்கிற சீட்டையெல்லாம் கூட ஆடுறவங்களுக்குச் சொல்லிடுறான்!” அடுத்து முதல் மாடியில் தட்டினார்கள், பிறகு இரண்டாவதில், மூன்றாவதில். ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் சூட்டை விட்டு, கொஞ்சம் வம்பை வாங்கிக்கொண்டு பென்சோ ஏறிக்கொண்டிருந்தார்.

நாலாவது மாடிக்கு அவர் வந்து சேரும்போது சற்று ஆறித்தான் போயிருப்பார். ஸ்தாம்கா சால்வையைப் போர்த்திக்கொண்டு ரேடியேட்டர் பக்கம் நாற்காலியை நகர்த்துவாள். உயிரோடிருந்த நாளிலும் ராக்கியாச் சாராயம், சீட்டு, ஊர்க்கதை எல்லாம் முடித்துவிட்டுத்தான் அவர் மாடியேறுவார்.