கணவாய் திறக்கும் தேதி

1983ஆம் ஆண்டு ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், தில்லி லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பின் இரண்டாம் மாடி வீட்டில், சாப்பாட்டு மேசைமீது ஒரு சாலைப்படம் விரிந்து கிடந்தது. சுருண்டுகொள்ளாதிருக்க அதன் ஒரு மூலையில் ஊறுகாய்ப் பாட்டிலும் மற்றொரு மூலையில் காமிராவும் வைக்கப்பட்டிருந்தன. வீட்டுக்காரர் கஸ்தூரிரங்கன் மத்திய அரசாங்கத்தில் செக்‌ஷன் ஆபீசர். அவர் சிவப்புப் பென்சிலால் மணாலிக்கு மேலே ஒரு கோடு இழுத்தார். குளிர்காலம் முழுவதும் பனியால் மூடப்பட்டுக் கிடக்கும் சாலை அது. அதன் உச்சியில் ரோத்தங் கணவாய்.

எதிரே அமர்ந்திருந்தவர் வைத்தி. அதே அலுவலகம், கரோல் பாகில் குடித்தனம், ஒரு பழைய ஃபியட் காருக்குச் சொந்தக்காரர். ஆண்டுக்கொரு முறை, வசந்தத்தில், இருவரும் அந்தக் காரில் படமெடுக்கப் புறப்படுவது வழக்கம். சென்ற ஆண்டு விசாரியாமல் சென்று, மூடிய தடுப்புக் கட்டைக்கு முன்னால் இரண்டு நாள் நின்றுவிட்டுத் திரும்பியிருந்தார்கள். ஆகையால் இம்முறை கஸ்தூரிரங்கன் முதற்காரியமாக, அந்தச் சாலையைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கே கடிதம் எழுதிக் கேட்டிருந்தார். பதிலும் வந்துவிட்டது. கணவாய் மே 20ஆம் தேதி போக்குவரத்துக்குத் திறக்கப்படும் என்று அதில் கண்டிருந்தது.

“கடுதாசி நம்பர் இருக்கு, தேதி இருக்கு, கையெழுத்து இருக்கு. இதுக்கு மேலே என்னடா வேணும்?” என்றார் கஸ்தூரிரங்கன்.

“எனக்கு வேண்டியது ஆப்பிள் பூ. அது ஏப்ரல் பத்து. மே இருபதுக்குப் போனா மரத்துல இலைதான் இருக்கும், ரங்கா. இலையைப் பார்க்கவா நானூறு மைல் ஓட்டறது?”

“பனியை ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு வெட்டி நடுவுலே ரோடு விட்டிருப்பான். திறந்த முதல் வாரத்துலே போனாத்தான் அது கிடைக்கும். பூ வருஷா வருஷம் பூக்கும்.”

“பனியும் வருஷா வருஷம் பெய்யறது, அச்சா?”

அப்பொழுது சமையலறையிலிருந்து செங்கம்மாள் வெளியே வந்தாள். அந்த வீட்டில் ஆறு ஆண்டுகளாகப் பாத்திரம் துலக்குபவள். தென்னார்க்காட்டில் கள்ளக்குறிச்சிப் பக்கத்தவள். ஜங்புராவில் சாக்கடையோரக் குடிசைகளில் இரண்டு பெண் குழந்தைகளுடன் வசித்தாள். ஈரக்கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மேசையைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

“சாமி, இதுல அந்த ரோத்தாங்கு எங்க இருக்குது?”

கஸ்தூரிரங்கன் பென்சில் முனையால் காட்டினார்.

“இத்தினியூண்டா?” என்றாள்.

அவளுடைய கணவன் காத்தவராயன் ஒவ்வோர் ஆண்டும் சித்திரையில் மேஸ்திரியோடு கணவாய்க்கு அப்பால் சென்று, சாலைக்குக் கல்லுடைத்துத் தாரூற்றி, பனி விழுமுன் திரும்பிவிடுவான். சென்ற நவம்பரில் பனி முந்திக்கொண்டது. பஸ் நின்றுவிட்டது. ஏழு பேர் கணவாயை நடந்தே கடக்கத் துணிந்தார்கள். நடுவழியில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. ஐவரே இப்பக்கம் இறங்கி வந்தார்கள். காத்தவராயனும் ராஞ்சிக்காரன் ஒருவனும் வரவில்லை. ஐவரில் ஒருவன், அவ்விருவரும் பாறையோரம் உட்கார்ந்துவிட்டதைக் கண்டதாகச் சொன்னான். இன்னொருவன், அவர்கள் வந்த வழியே திரும்பி நடந்ததைக் கண்டதாகச் சொன்னான். திரும்பியிருந்தால் அப்பக்கத்துக் கிராமம் எதிலேனும் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருக்கலாம். அங்கே கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை.

குடிசைப்பகுதியில் அவளுடைய மைத்துனன் வடிவேல் கருமாதி செய்துவிட வேண்டுமென்று நின்றான். இருக்கிறவனுக்குக் கருமாதி செய்ய மாட்டேன் என்றாள் இவள். இறந்தவனுக்குச் செய்யாதிருப்பது அதைவிடப் பாவம் என்றான் அவன். முடிவில், கணவாய் திறக்கிற வரையில் பொறுப்பது என்று பெரியவர்கள் தீர்த்து வைத்தார்கள். அதுவரை தாலி அவள் கழுத்தில் இருக்கும்.

“நீங்க அங்கதான் போறீங்களாம், அம்மா சொன்னாங்க. இருந்தா கூட்டிக்கிட்டு வாங்க சாமி. இல்லேன்னா மொகத்த ஒரு படம் புடிச்சிக்கிட்டு வாங்க. மொகத்தப் பாத்துட்டேன்னா நானே கழட்டி வெச்சிடறேன். யாரும் சொல்ல வேணாம்.”

வைத்தி சாலைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆப்பிள் பூவைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை. மே 19 முதல் 28 வரை இருவரும் விடுமுறைக்கு எழுதிக் கொடுத்தார்கள். மார்ச் முடிவதற்குள் அனுமதியும் ஆகிவிட்டது.

மே மாதம் முதல் தேதி காலை, செங்கம்மாள் வழக்கத்திற்கு ஒரு மணி முன்னதாக வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

“சாமி, மேஸ்திரி பச்சமுத்து வந்திருக்கான். இந்த வருசம் பனி கம்மியாம். மிசினு வெச்சி வெட்டிக்கிட்டே போறாங்களாம். இன்னும் நாலஞ்சி நாள்ல உச்சிக்குப் போயிடுவாங்களாம். இன்னிக்கி சாயந்தரம் ஆளுங்கள லாரியில ஏத்திக்கிட்டுப் போறான். நானும் ஏறிக்கட்டுமா?”

கஸ்தூரிரங்கன் செய்தித்தாளை மடித்தார்.

“யாரு சொன்னா நாலஞ்சு நாள்னு?”

“லாரிக்காரன் சொன்னானாம்.”

“லாரிக்காரன்! நான் ரோடு ஆபீஸ்லேர்ந்தே எழுதி வாங்கி வெச்சிருக்கேன். மே இருபது. அதுக்கு முன்னாடி அங்கே ஒருத்தரையும் மேலே விட மாட்டான். பொம்மனாட்டி தனியா லாரியிலே போயி, தடுப்புக் கட்டைக்குப் பக்கத்துலே குளிர்லே உக்காந்துண்டு என்ன பண்ணுவே? ரெண்டு கொழந்தையை யாரு பார்ப்பா?”

“எதுக்கும் ஒருவாட்டி போய்ப் பாக்கட்டுமே அவ. நீங்களே முன்னாடி கெளம்பிப் போனாத்தான் என்ன?” என்றாள் அவருடைய மனைவி விசாலாக்ஷி, உள்ளிருந்து.

“லீவு பத்தொம்பதுலேர்ந்து சாங்ஷன் ஆயிருக்கு, விசாலம். லாரிக்காரன் சொன்னான்னு அதை மாத்தி எழுதச் சொல்றியா?”

அவர் அலமாரியிலிருந்து கடிதத்தை எடுத்துவந்து செங்கம்மாளிடம் காட்டினார். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனினும் முத்திரையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“சர்க்காரு கடுதாசியா சாமி?”

“ஆமா.”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு உள்ளே சென்று பாத்திரத்தில் கைவைத்தாள். மாலையில் லாரி அவளின்றிப் புறப்பட்டது.

மே 19ஆம் தேதி விடியலில் ஃபியட் தில்லியை விட்டது. மூன்று சுருள் வண்ண ஃபிலிம். ஒரு சுருள் கறுப்பு வெள்ளை. கறுப்பு வெள்ளையைக் கஸ்தூரிரங்கன் எதற்காக வாங்கினார் என்று வைத்தி கேட்கவில்லை. குலு பள்ளத்தாக்கில் ஆப்பிள் மரங்கள் அடர்ந்த பச்சையாய் நின்றன. காரை எங்கும் நிறுத்தவில்லை.

21ஆம் தேதி முற்பகல், மணாலிக்கு மேலே தடுப்புக் கட்டை உயர்த்தப்பட்டிருந்தது. அதன் காவலனிடம் கஸ்தூரிரங்கன் கடிதத்தை நீட்டி, நேற்றுத்தானே திறந்தது என்று இந்தியில் கேட்டார். காவலன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நேற்றா? ஒன்பதாம் தேதியே திறந்தாயிற்று, பாபுஜி. இந்த வருடம் பனியே இல்லையே.”

வைத்தி காரை மெல்ல மேலே செலுத்தினார். சாலையின் இருபுறமும் இருந்த பனிச்சுவர் ஆளுயரம் இல்லை, முழங்காலளவே இருந்தது. உருகி, கரிபிடித்து, மண்ணோடு வழிந்துகொண்டிருந்தது. காமிரா உறையை விட்டு வெளியே வரவில்லை.

உச்சிக்குச் சற்றுக் கீழே, தார்ப்பீப்பாய்களை வெட்டித் தகடாக்கிக் கட்டிய கொட்டகைகள் சில நின்றன. சாலைத் தொழிலாளர் முகாம். அதை மேற்பார்க்கும் ஜமேதார் காங்டா மாவட்டத்துக்காரர், நரைத்த மீசை, பேசுமுன் இருவருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கஸ்தூரிரங்கன் விஷயத்தைச் சொன்னதும் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

“நான்காம் தேதி, பாறைக்கு அடியில் ஒருவன் கிடைத்தான். ஒருவன்தான். மற்றவனை இன்னும் பனி விடவில்லை. பள்ளத்துப் பக்கம் போயிருப்பான். அப்பக்கத்துக் கிராமங்களிலும் விசாரித்தேன். நவம்பருக்குப் பிறகு அங்கே யாரும் வந்து சேரவில்லை.”

“கிடைத்தவன் எந்த ஊர்க்காரன்?”

“ராஞ்சியோ, மதராஸோ, எனக்கு எப்படித் தெரியும், பாபுஜி? இருவரும் என் முகாமில் வேலை செய்தவர்கள் அல்லர், அப்பக்கத்து ஆட்கள். கறுப்பாய், ஒல்லியாய் இருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும்.”

“முகம்?”

“முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தூங்குகிறவன் முகம் போலத்தான் இருந்தது. பார்த்திருந்தால் வீட்டு மனிதர்கள் உடனே சொல்லியிருப்பார்கள். மூன்று நாள் பனியிலேயே வைத்திருந்தேன். யாராவது வருவார்களென்று மணாலிக்குச் சொல்லியும் அனுப்பினேன். ஏழாம் தேதி வெயில் ஏறிவிட்டது. அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. எரித்துவிட்டோம்.”

“மேஸ்திரி பச்சைமுத்து இந்த வழியாக வரவில்லையா?”

“வந்தான். எட்டாம் தேதி. அவன் லாரி கீழே மண்டி நகரத்தில் அச்சு முறிந்து நின்றுவிட்டதாம். யாரோ ஒரு பெண் வருவதாக இருந்தது, வந்திருந்தால் பஸ் பிடித்தாவது அவளை முன்னால் அனுப்பியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.”

கஸ்தூரிரங்கன் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். ஜமேதார் நோட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“உங்கள் ஆளின் போட்டோ இருந்தால் காட்டுங்கள். முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போதே சொல்லிவிடுகிறேன்.”

வைத்தி நண்பரைப் பார்த்தார். நண்பர் தம் மடியில் கிடந்த காமிராவைப் பார்த்தார்.

சென்ற ஆண்டு, மலைக்குப் புறப்படுமுன், காத்தவராயன் லோதி ரோடு வீட்டுக்கு வந்திருந்தான். விசாலாக்ஷி கொடுத்த கம்பளிச் சட்டையை அங்கேயே போட்டுக்கொண்டு, ‘சாமி, இதோட என்னை ஒரு படம் எடுங்க, ஊருக்கு அனுப்பலாம்’ என்று சிரித்தான். ஃபிலிமில் நான்கே படம் மிச்சம் இருந்தது. திரும்பி வா, எடுக்கிறேன் என்று கஸ்தூரிரங்கன் சொல்லியனுப்பினார். அந்த நான்கையும் லோதி தோட்டத்துக் கல்லறை மாடத்துப் புறாக்களுக்குச் செலவிட்டார். நான்கும் சரியாக வரவில்லை.

“போட்டோ இல்லை” என்றார்.

“எங்கள் பக்கத்து ஆட்கள் இடுப்பில் வெள்ளித் தாயத்துக் கட்டுவார்கள். அப்படி ஏதேனும் கட்டியிருந்தானா?” என்று வைத்தி கேட்டார்.

“துணியெல்லாம் உடம்போடு உறைந்திருந்தது. பிரிக்கவில்லை, பாபுஜி, பிரிக்க மனம் வரவில்லை. மேலே கிடந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன்.” ஜமேதார் விரலை வரியின்மேல் ஓட்டிப் படித்தார். “பழுப்புக் கம்பளிச் சட்டை. இடது முழங்கையில் பச்சை நூலால் தைத்தது.”

பழுப்பு நூல் தீர்ந்துபோய், இருந்த பச்சை நூலால் விசாலாக்ஷி அந்த முழங்கையை ஒட்டுப் போட்டிருந்தாள். அந்தச் சட்டையைப் பத்து ஆண்டுகள் அணிந்தவர் கஸ்தூரிரங்கனே.

எரித்த இடத்தை ஜமேதார் காட்டினார். கற்கள் கறுத்திருந்தன, சாம்பலைப் பனிநீர் அடித்துச் சென்றுவிட்டது. வைத்தி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கஸ்தூரிரங்கன் காமிராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய், வில்லையின் வழியே கறுத்த கற்களைப் பார்த்துவிட்டு, விசையை அழுத்தாமல் இறக்கினார்.

தில்லியில் வெயில் நாற்பத்து மூன்று டிகிரி. செங்கம்மாள் கூடத்துத் தரையில் அமர்ந்து, இடைமறிக்காமல் எல்லாவற்றையும் கேட்டாள். நான்காம் தேதி, ஏழாம் தேதி, எட்டாம் தேதி ஆகிய ஒவ்வொன்றையும் கஸ்தூரிரங்கன் மறைக்காமல் சொன்னார். பச்சை நூலையும் சொன்னார். விசாலாக்ஷி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“மொகத்த நீங்க பாக்கல” என்றாள் செங்கம்மாள்.

“இல்லை. ஆனா அந்தச் சட்டை என்னோடது, செங்கம்மா. எனக்குத் தெரியாதா?”

“சட்டை உங்களுதுதான் சாமி. உள்ள இருந்தது யாரு?”

விசாலாக்ஷி அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

“அந்த ராஞ்சிக்காரனுக்குக் கம்பளி இல்லையாம். திரும்பி வந்தவங்க சொன்னாங்க. எங்க வூட்டுக்காரரு குளிருதுன்னு ஒருத்தன் சொன்னா கழட்டிக் குடுத்துடுவாரு. அப்பிடிப்பட்ட ஆளுதான். அதுக்காகவே எத்தினிவாட்டி திட்டியிருக்கேன்.”

“அந்தப் பக்கத்துக் கிராமத்துக்கும் ஒருத்தரும் போய்ச் சேரலைன்னு ஜமேதார் சொன்னாரே” என்றார் கஸ்தூரிரங்கன்.

“ஒருத்தரைத்தான பனி வுட்டிருக்குது? இன்னொருத்தரு உள்ளதான இருக்காரு?”

அவள் எழுந்தாள். கழுத்திலிருந்த மஞ்சட் கயிறு வியர்வையில் நனைந்து தோலோடு ஒட்டியிருந்தது. அதை எடுத்துச் சேலைக்குள் விட்டுக்கொண்டாள். வடிவேலும் பெரியவர்களும் அன்று மாலை வருவதாக இருந்தது. அவளுடைய இந்தக் கேள்வியை அவர்கள் ஏற்க மாட்டார்கள் என்பதையும், இனி அவளைப் பொறுத்திருக்க விட மாட்டார்கள் என்பதையும் அறிந்தவளாகவே நின்றாள்.

“அடுத்த வருசம் ரோடு எப்ப சாமி தொறக்கும்?”

“எழுதிக் கேட்கிறேன்” என்று பழக்கத்தினால் வாய்வரை வந்ததை அவர் விழுங்கினார்.

“தெரியாது” என்றார்.

“நீங்க ஒண்ணும் கேக்க வேணாம் சாமி. நான் பச்சமுத்துகிட்டச் சொல்லி வெச்சிடறேன். மொத லாரியில ஏறிக்கிறேன்.”

பிறகு அவள் சமையலறைக்குள் சென்றாள். இரண்டு பேரும் மலைக்கு எடுத்துச் சென்ற அடுக்குப் பாத்திரம் அங்கே துலக்கப்படாமல் கிடந்தது.