கறுப்புச் சரிவு மாப்பிள்ளை

அந்தப் பனிமலையில் நின்று பொய் சொல்கிறவர்கள் கீழ்நோக்கிச் சறுக்குவதில்லை, மேல்நோக்கித்தான் சறுக்குவார்கள். உச்சியில் அவர்களுக்கென்றே ஒரு கொட்டகை உண்டு. சூடாக சூப் கொடுப்பார்கள். உண்மையை வாய்விட்டுச் சொன்னால் இறங்கி வரலாம்.

மற்றபடி எல்லாப் பனிமலையையும் போலத்தான். புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பச்சைச் சரிவு, சுமாராக வருபவர்களுக்கு நீலம், தேர்ந்தவர்களுக்குச் சிவப்பு, உயிர்மேல் ஆசையில்லாதவர்களுக்குக் கறுப்பு. வாசல் காவலாளியிடம் நிறத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

திருமூர்த்தி "கறுப்பு" என்றான்.

பாவம், வேறென்ன சொல்வான்? பொள்ளாச்சியில் சுகந்தியைப் பெண் பார்க்கப் போனபோது, "அந்தக் குளிருல பொழுது எப்படிங்க போகுது?" என்று மாமனார் நாச்சிமுத்து கேட்க, "கறுப்புச் சரிவுல சறுக்குவேனுங்க" என்று வாய் கூசாமல் அளந்துவிட்டான். பொள்ளாச்சியில் பொய் சொன்னால் யாரும் நகர்வதில்லை, அதுதான் வினை. மாமனாரோ அதை ஊரெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனவர். இப்போது குரங்குக் குல்லாவோடு வந்து நின்று, போனில் ஊருக்கு வீடியோ காட்டிக்கொண்டிருந்தார். அங்கே தென்னந்தோப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சொந்தபந்தமெல்லாம் உட்கார்ந்திருந்தது.

"இப்பப் பாருங்க, மாப்பிள்ளை எப்படிப் பாயறாருன்னு!"

மாப்பிள்ளை மெல்ல, முதுகுப்பக்கமாக, மேலே போனான். முகம் கீழே நிற்பவர்களைப் பார்த்தபடியே இருந்தது, அதுதான் கொடுமை. பச்சைச் சரிவில் பழகும் வாண்டுகள் டாட்டா காட்டின. போனில் தோப்பே சிரித்தது. "சூப்புல உப்பு கம்மியா இருக்கும், கேட்டு வாங்கிக்குங்க" என்றார் காவலாளி.

கொட்டகையில் கொடுத்த சூப்பைத் தொடாமல் வைத்தான். மானம் போன பிறகு உப்பு என்ன, புளி என்ன? வெளியே வந்து கத்தினான். "மாமா! எனக்குப் பச்சையே ஒழுங்கா வராதுங்க! சுகந்தியையும் ஏமாத்திட்டேனுங்க!"

கால்கள் தாமாக இறங்கத் தொடங்கின.

கீழே நாச்சிமுத்து மகளைப் பார்த்தார். "உனக்காச்சும் தெரியுமா கண்ணு?"

"சத்தியமாத் தெரியாதுங்கப்பா" என்ற சுகந்தி, மேலே வரத் தொடங்கினாள்.

பாதி வழியில் இருவரும் எதிரெதிரே கடந்தார்கள். ஆக, அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு பனிக்காலமும் "கறுப்புல பார்த்துப் போய்ட்டு வாங்க" என்று காலுறை எடுத்துக் கொடுத்தவள். ஊர் சிரித்ததைவிட அதுதான் அவனைச் சுருக்கென்று தைத்தது. அவள் முகத்தைப் பார்க்கக் கூசிப்போனான்.

"முட்டியை மடக்குங்க, விழுந்துருவீங்க" என்றாள் அவள், போகிற போக்கில்.

கீழே வந்து தலைகுனிந்து நின்றவன் கையில் மாமனார் போனைக் கொடுத்தார். "அட விடுங்க மாப்பிள்ளை. எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க." சொன்னவர் சறுக்குக்கட்டை இல்லாத வெறும் பூட்ஸ் காலோடு மகள் போன வழியே மேலே சறுக்கிப் போனார்.

போனில் சின்ன மாமனார் கனைத்தார். "நாங்க ஒண்ணும் சிரிக்கலீங்க மாப்பிள்ளை."

பனிமலையில் கேட்ட பொய்யாயிற்றே, அவர் நாற்காலி தோப்பை விட்டு நகர்ந்து, ஆழியாறு தாண்டி, வால்பாறை மலைப்பாதையில் ஏறத் தொடங்கியது.

"வளைவுல பஸ் வருமுங்க, ஓரமாப் போங்க சின்ன மாமா" என்றான் திருமூர்த்தி, தலை நிமிராமலே.